சோழன் மரபில் ஒரு பாரசீக வேந்தன்: செஜாரா மெலாயு கூறும் வமிசக் கதை

முன்னுரை

சுங்கை வேயிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்வோர் ஸ்ரீ செத்தியா நிலையத்தில் கொமுட்டர் இரயிலேறி, பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இறங்கி, மோனோரயிலுக்கு மாறினால் சில நிறுத்தங்களில் 'ராஜா சூலான்' என்னும் நிலையத்தை அடைவர். அப்பெயர்ப் பலகையைக் காணும் தமிழர் பலர் அது சோழ மன்னனைக் குறிப்பது என்றே எண்ணுகின்றனர். சுங்கை வேயில் சனிக்கிழமை மாலைகளில் கூடிப் படிக்கும் தமிழாசிரியர் சிலரோடு உரையாடியபோது இவ்வினா எழுந்தது. ஆசிரியர் ஒருவர், "மலாய் மன்னர்கள் சோழர் வழிவந்தவர்கள் என்று அவர்களுடைய நூலே கூறுகிறதே, இதை மாணவர்க்குச் சொல்லலாமா?" என்று கேட்டார். அருகில் இருந்த மற்றொருவர், "அது வெறும் கட்டுக்கதை, விட்டுவிடுங்கள்" என்றார்.

இரு கூற்றுகளும் நூலை முழுமையாகப் பாராமல் எழுந்தவை. அச்சாலைக்கும் நிலையத்திற்கும் பெயர் தந்தவர் 1869 முதல் 1933 வரை வாழ்ந்த பேராக் அரச குடும்பத்தினராகிய ராஜா சர் சூலான். முன்பு வெல்ட் சாலை என வழங்கிய சாலை பின்னர் அவர் பெயரைப் பெற்றது. ஆயினும் பேராக் இளவரசர் ஒருவருக்குச் 'சூலான்' என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது என்று வினவினால், விடை நம்மைச் செஜாரா மெலாயுவுக்கே இட்டுச் செல்கிறது. அந்நூலிலோ சோழன் தனித்து நிற்கவில்லை. பாரசீகப் பேரரசன் நூஷிர்வானின் பேரனாக, மாவீரன் இஸ்கண்டாரின் மரபோடு மணவுறவு கொண்டவனாக நிற்கிறான். சோழன் எவ்வாறு பாரசீகன் ஆனான் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் அதன் பிரதிகளும்

'செஜாரா மெலாயு' என்பது பின்னாளில் வழக்கூன்றிய பெயர். நூலின் இயற்பெயர் 'சுலாலத்துஸ் சலாத்தின்' என்பதாகும். 'அரசர்களின் வழிமரபு' என்பது இதன் பொருள். ஆகவே இது வரலாற்று நூல் என்பதினும் வமிசாவளி நூல் என்பதே பொருந்தும். 1612-ஆம் ஆண்டு ஜொகூர் அரசவையில், பெண்டஹாரா பதவி வகித்த துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு இணைந்து உருப்பெற்ற வடிவமே இன்று பெரிதும் அறியப்படுவது. அதற்கு முன்பே நூலின் கரு உருவாகியிருக்க வேண்டும் என்பர். இலண்டன் அரச ஆசியக் கழகத்தில் உள்ள ராஃபிள்ஸ் 18 என்னும் கையெழுத்துப் பிரதியை வின்ஸ்டெட் 1938-இல் பதிப்பித்தார். அதனைப் பிரவுன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதற்கும் முன்பே ஜான் லேடனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1821-இல் வெளிவந்தது. 2001-இல் இந்நூல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

பிரதிக்குப் பிரதி பெயர்கள் மாறுபடும் என்பதை ஆசிரியர்கள் முதலில் மனங்கொள்ளல் வேண்டும். ஜாவி எழுத்தில் உயிரொலிகள் முழுமையாகக் குறிக்கப்படுவதில்லை. புள்ளி ஒன்று இடம் மாறினால் மெய்யொலியும் மாறிவிடும். ஆகவே சூலான், ஷூலான், சூரான் என ஒன்றையொன்று ஒத்த பெயர்கள் மயங்கி வருகின்றன. சில பிரதிகளில் படையெடுப்பும் கடலடிப் பயணமும் ஒருவனுக்கே உரியன; வேறு சிலவற்றில் அவை பாட்டனுக்கும் பேரனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. இக்கட்டுரையில் வசதி கருதி, பெண் வழிப் பாட்டனைச் சூலான் என்றும் படையெடுத்த வேந்தனைச் சூரான் என்றும் குறிப்போம்.

கதையின் சுருக்கம்

கதை இஸ்கண்டாரிடம் தொடங்குகிறது. மக்கதூனியா நாட்டு ராஜா டாராப்பின் மகனாகிய இஸ்கண்டார் சுல்கர்னாயின், ஞாயிறு தோன்றும் இடத்தைக் காணப் புறப்பட்டு இந்திய எல்லையை அடைகிறான். அங்கு ராஜா கீடா ஹிந்தியை வென்று, அவன் மகளை மணக்கிறான். மணத்தை முன்னின்று நடத்துபவர் நபி கிதிர். இவ்விணையர் வழியாகப் பல தலைமுறைகள் கடந்து தெர்சி பெர்டெராஸ் என்னும் அரசன் தோன்றுகிறான். அவன் ராஜா சூலானின் மகளை மணக்கிறான். இந்தச் சூலானைப் பற்றி நூல் தரும் குறிப்பே நம் ஆய்வின் மையம்: இவன் கோபாட் ஷஹ்ரியாரின் மகனாகிய நூஷிர்வானின் பேரன் என்று சிலர் கூறுவர் என்கிறது நூல்.

சூலானின் மகளுக்கு மூன்று ஆண்மக்கள் பிறக்கின்றனர். ஒருவன் ஹீரான், இந்துஸ்தானத்தை ஆள்கிறான். ஒருவன் சூரான், பாட்டனின் அரியணையைப் பெறுகிறான். மூன்றாமவன் பண்டேன், இவனுக்குத் துருக்கிஸ்தானம் கிடைக்கிறது. மூன்று பெயர்களையும் ஒருசேர ஒலித்துப் பார்த்தால் தமிழ் மாணவர்க்கு விளக்கம் தேவைப்படாது. சேர, சோழ, பாண்டியர் என்னும் மூவேந்தர் நினைவின் எதிரொலியே இது எனக் கருதுவதற்கு இடமுண்டு. பாண்டியன் துருக்கிஸ்தானத்தை ஆண்டான் என்பதைப் படித்துச் சிரிப்போரும் உளர். ஆனால் மூவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லும் துணிவு தமிழ்ப் புலவர்க்கும் எளிதில் வாய்த்ததன்று.

சூரான் சீனத்தை வெல்லப் பெரும்படையுடன் புறப்படுகிறான். வழியில் டிண்டிங் ஆற்றுப் பகுதியில் இருந்த கங்கா நகரத்தை வெல்கிறான். பின்னர் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கற்கோட்டை கொண்ட கிளாங் கியூ என்னும் நகரை அழித்து, அதன் அரசன் மகள் ஓனாங் கியூவை மணக்கிறான். (தோற்ற அந்த அரசன் பெயரும் சூலான் அல்லது சூலின் என்றே வருகிறது. சோழன் சோழனையே வென்றான் போலும்!) தெமாசிக்கை அடைந்தபோது சீன அரசன் ஒரு சூழ்ச்சி செய்கிறான். துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த பழமரங்களையும், பல்லிழந்த முதியவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறான். சீனம் எவ்வளவு தொலைவு என்று கேட்டவர்க்கு அம்முதியோர், "புறப்பட்டபோது நாங்கள் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள்; இம்மரங்கள் விதைகளாக இருந்தன; இந்த ஊசிகள் கை பருமனுள்ள இரும்புக் கம்பிகளாக இருந்தன" என்ற பொருள்பட விடையளிக்கின்றனர். சூரான் திரும்பிவிடுகிறான்.

அதன்பின் கடலுக்கடியில் உள்ளவற்றைக் காண விரும்பிக் கண்ணாடிப் பேழை ஒன்றைச் செய்வித்து அதனுள் அமர்ந்து இறங்குகிறான். கடலடி நகரில் அந்நாட்டு மன்னன் மகள் மஹ்தாபுல் பஹ்ரியை மணந்து மூன்று மக்களைப் பெறுகிறான். பின்னர் கடற்குதிரை ஒன்றின் மீதேறி மேலே வருகிறான். தன் வரலாற்றைக் கல்லில் இந்துஸ்தான மொழியில் பொறிக்கச் செய்கிறான். கலிங்க நாட்டில் கருங்கல் மதில் சூழ்ந்த பிஜய நகரத்தை எழுப்புகிறான். கடலடியில் பிறந்த அம்மூவரே பிற்காலத்தில் பாலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங் மலைமீது தோன்றுகின்றனர். அவர்கள் வந்த இரவில் வான் எம்போக், வான் மாலினி என்னும் இரு பெண்களின் மலைநெல் பொன்னாக மாறுகிறது. மலாய் அரச மரபு இங்குத் தொடங்குகிறது.

வரலாற்றில் இவர்கள் யார்?

அலெக்ஸாந்தர் கி.மு. 356 முதல் 323 வரை வாழ்ந்தவர். நூஷிர்வான் என்பது சாசானியப் பேரரசர் முதலாம் குஸ்ரூவின் சிறப்புப் பெயர். அவர் ஆட்சிக்காலம் கி.பி. 531 முதல் 579 வரை. இவர் தந்தை கவாத். நூல் 'கோபாட்' என்று கூறுவது இப்பெயரே. தந்தை பெயரைச் சரியாகக் காத்த நூல், காலத்தைப் பற்றிச் சற்றும் கவலைப்படவில்லை. இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பு 1025-இல் நிகழ்ந்தது. அவன் நூஷிர்வானுக்கு நானூற்றைம்பது ஆண்டுகள் பிற்பட்டவன். கதையில் வரும் பிஜய நகரத்தின் பெயரோ பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த விசயநகரத்தை நினைவூட்டுவது. ஆக, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கால இடைவெளி சில ஏடுகளில் மடித்து வைக்கப்பட்டுள்ளது.

இதனால்தான் இந்நூலை இராசேந்திரன் படையெடுப்புக்குச் சான்றாக நேரடியாகக் காட்டுதல் இடர்ப்பாடு உடையது. அவன் மெய்க்கீர்த்தியில் கடாரம், ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் முதலிய இடங்கள் நிரல்படக் கூறப்படுகின்றன. கங்கா நகரம் அந்நிரலில் இல்லை. இருப்பினும் 'இராசேந்திரன் 1025-இல் கங்கா நகரத்தை அழித்தான்' என்னும் வாக்கியம் நம் மேடைகளிலும் மலர்களிலும் தயக்கமின்றி வருகிறது. கல்வெட்டின் ஆண்டையும் கதையின் ஊரையும் ஒட்டவைத்துப் பெற்ற வாக்கியம் அது. கதையை நிலப்படமாகக் கொள்வதன் விளைவை 2005-இல் கண்டோம். ஜொகூர்க் காட்டில் 'கோத்தா கெலாங்கி' என்னும் மறைந்த நகரம் இருப்பதாக அவ்வாண்டு நாளேடுகளில் பெருஞ்செய்தி வந்தது. கிளாங் கியூ கதையும் அதனோடு இணைத்துப் பேசப்பட்டது. 2006-இல் அத்தகைய நகரம் எதுவும் இல்லை என அறிவிக்கப்பட்டது.

தமிழாசிரியர்க்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. கடாரம் வென்ற வரலாற்றை நம்மில் பெரும்பாலோர் கல்வெட்டுகளின் வழி அறிந்தோம் அல்லோம். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்', சாண்டில்யனின் 'கடல்புறா' ஆகிய நாவல்களின் வழியே அறிந்தோம். முன்னது 1963-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாவலைப் படித்த மனத்தோடு செஜாரா மெலாயுவைத் திறப்பவர், அங்கும் தம் நாவலின் தொடர்ச்சியையே தேடுகின்றனர்.

வென்றவனை உறவாக்குதல்

சோழன் ஏன் பாரசீகன் ஆக்கப்பட்டான் என்பதற்குரிய திறவுகோல் பாரசீகத்திலேயே கிடைக்கிறது. செஜாரா மெலாயு இஸ்கண்டாரை டாராப்பின் மகன் என்கிறது. கிரேக்க வரலாற்றில் அவர் தந்தை பிலிப்பு. டாராப் எங்கிருந்து வந்தான்?

பிர்தௌசியின் ஷாநாமா இதற்கு விடை தருகிறது. பாரசீக அரசன் டாராப், பைலகூஸ் என்னும் கிரேக்க அரசனை வென்று அவன் மகள் நாஹிதை மணக்கிறான். அவள் வாய்நாற்றம் உடையவளாக இருந்ததால் அவளைத் தந்தையிடமே திருப்பி அனுப்புகிறான். நாற்றம் ஒரு மூலிகையால் நீங்கியது. அம்மூலிகையின் பெயரால் பிறந்த குழந்தைக்குச் சிக்கந்தர் என்று பெயரிடப்பட்டது. டாராப்புக்கு வேறொரு மனைவியிடம் பிறந்தவன் டாரா. ஆகவே சிக்கந்தர் டாராவை வென்று பாரசீகத்தைப் பெற்றது, அண்ணன் தம்பியிடமிருந்து அரியணையைப் பெற்ற செயலாகிறது. இறக்கும் தறுவாயில் டாரா அவன் மடிமீது தலைவைத்துத் தன் மகளை ஒப்படைக்கிறான்.

வரலாற்றில் நடந்தது வேறு. கி.மு. 330-இல் பெர்செபொலிஸ் அரண்மனை எரிக்கப்பட்டது. மூன்றாம் டேரியஸ் தன் அலுவலராலேயே கொல்லப்பட்டான். சொராஸ்திரிய சமய நூல்கள் அலெக்ஸாந்தரைச் சபிக்கப்பட்டவன் என்றே குறிக்கின்றன. ஒரே நாட்டில் ஒரு மரபு அவனைச் சபித்தது. மற்றொரு மரபு அவனைத் தன் பிள்ளையாக்கிக் கொண்டது. அயலான் ஒருவனிடம் தோற்றோம் என்பதைக் காட்டிலும், நம் குருதியே நம்மை ஆண்டது என்பது ஒரு நாட்டின் மானத்திற்கு ஏற்புடையது. (ஷாநாமா 1010-இல் நிறைவு பெற்றது. அதே ஆண்டில்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மீது இராசராசன் கலசம் ஏற்றுவித்தான். இது தற்செயலே, எனினும் வகுப்பில் சொன்னால் மாணவர்க்கு மறவாது.)

செஜாரா மெலாயு சோழனுக்குச் செய்ததும் இதுவே. ஸ்ரீவிசயத்தைத் தாக்கிய சோழன் மறக்கப்படவில்லை. பகைவனாக நினைக்கப்படவும் இல்லை. அவன் மலாய் அரசர்களின் முன்னோன் ஆக்கப்பட்டான். ஒவ்வொரு வெற்றியின் முடிவிலும் ஒரு திருமணம் வருவதை நோக்குக. கீடா ஹிந்தி தோற்கிறான், மகளைத் தருகிறான். கிளாங் கியூ வீழ்கிறது. ஓனாங் கியூ அரசியாகிறாள். கடலடி உலகில் போரே இல்லை, நேரே திருமணம்தான். போரை உறவாக மாற்றுவதே இந்நூலின் கதைநெறி.

சூரான் செய்யும் செயல்களும் அவனுடையவை அல்ல. கண்ணாடிக் கலத்தில் கடலுக்குள் இறங்குதல் இடைக்காலத்து அலெக்ஸாந்தர் கதைகளில் பரவலாக வழங்கிய நிகழ்ச்சி. பொருள்களை அனுப்பி அவற்றின் வழியே மறைபொருள் உணர்த்துவதும் அக்கதைகளில் உண்டு; டேரியஸ் அலெக்ஸாந்தருக்குச் சாட்டையும் பந்தும் அனுப்பியதாக ஒரு கதை கூறும். ஆகவே சோழன் என்னும் பெயருக்கு அலெக்ஸாந்தரின் ஆடை அணிவிக்கப்பட்டுள்ளது. பெயர் தமிழகத்தது, செயல் பாரசீகம், அரபு நாடு வழியாக வந்தது, பேறு மலாக்காவினுடையது.

இதைக் கேட்டு மனம் வருந்துவோர்க்கு நம் இலக்கியத்தையே நினைவூட்டலாம். கலிங்கத்துப்பரணியின் இராசபாரம்பரியம், கரிகாலன் இமயத்தில் புலி பொறித்தபோது நாரதர் கூறிய சோழர் வழிமரபையும் அங்கே எழுதினான் என்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடு சோழரைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. தம் மரபைக் கல்லில் பொறித்த கரிகாலனும், இந்துஸ்தான மொழியில் தன் கதையைப் பொறித்த சூரானும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவர்கள். செயங்கொண்டார் பொய் சொன்னார் என்று நாம் கூறுவதில்லை. துன் ஸ்ரீ லானாங்குக்கும் அந்த மதிப்பு உரியது.

நூஷிர்வான் எதற்காக?

வீரத்திற்கு இஸ்கண்டார் போதுமே. நூஷிர்வான் ஏன் வேண்டும் என்னும் வினா எழலாம். அவன் பெயரோடு ஒட்டிய 'ஆதில்' என்னும் அடைமொழியே விடை. நீதிமான் என்பது அதன் பொருள். நிசாமுல் முல்க் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சியாசத்நாமா ஒரு கதை சொல்கிறது. முறையீட்டாளர் எவரும் காவலரால் தடுக்கப்படாதிருக்க, நூஷிர்வான் சிறு குழந்தைக்கும் எட்டும்படி மணிகள் கோத்த சங்கிலி ஒன்றைத் தொங்கவிட்டான். ஏழரை ஆண்டுகள் எவரும் அதை இழுக்கவில்லை. ஒருநாள் மணி ஒலித்தது. சென்று பார்த்தால், சொறிபிடித்த கிழட்டுக் கழுதை ஒன்று தன் உடலைச் சங்கிலியில் உரசிக்கொண்டிருந்தது. வாயில்காப்போர் சிரித்தனர். அரசன் சிரிக்கவில்லை, விசாரிக்கச் சொன்னான். அது ஒரு சலவைத் தொழிலாளியிடம் நெடுங்காலம் உழைத்து, முதுமையில் துரத்தப்பட்ட கழுதை என்று தெரிந்தது. உயிருள்ளவரை அதற்குத் தீனி தருமாறு உரிமையாளனுக்கு ஆணை பிறந்தது.

ஆராய்ச்சிமணியை அறிந்த தமிழர்க்கு இக்கதை புதிதன்று. கன்றை இழந்த பசு மணியை அசைத்ததையும் மனுச்சோழன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டதையும் பெரியபுராணம் விரித்துரைக்கும். சேக்கிழார்க்கு நெடுங்காலம் முன்பே கண்ணகி பாண்டியன் அவையில் இதனை நினைவூட்டுகிறாள். இலங்கையின் மகாவம்சம் சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளனைப் பற்றி இதே கதையைக் கூறுகிறது. பகைவனாகிய தமிழ் மன்னனின் நடுவுநிலையை அந்நூல் மறைக்காமல் போற்றுவது வியப்புக்குரியது. சோழன் மணியில் தண்டனை மரணம். பாரசீக மணியில் தீர்ப்பு ஒரு கழுதைக்குத் தீனி. இவ்விரண்டையும் அருகருகே வைத்து 'எது உயர்ந்த நீதி?' என்று படிவம் ஆறு மாணவரிடம் வினவினால், ஒரு பாடவேளை போதாது.

வரலாற்று நூஷிர்வான் முழுவதும் இக்கதைகளின் நூஷிர்வான் அல்லன். நிலவரியைச் சீர்செய்தவன், அறிஞரைப் போற்றியவன் என்பவை உண்மை. மஸ்தாக் என்னும் சீர்திருத்தவாதியைப் பின்பற்றியோர் அவன் கையால் கொடுமையாக ஒழிக்கப்பட்டதும் உண்மை. நீதிமான் என்னும் புகழ் வரலாற்றின் ஒரு பகுதியை மறைத்து எழுந்த புனைவே எனலாம்.

மலாய் அரசவைக்கு அப்புனைவே தேவைப்பட்டது. 1603-இல் ஆச்சேயில் எழுதப்பட்ட தாஜுஸ் சலாத்தின் என்னும் அரசநீதி நூல் நூஷிர்வானை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பாரசீக மூலத்திலிருந்து மலாய்க்கு வந்த ஹிகாயத் அமிர் ஹம்சாவில் நூஷிர்வான் கதைமாந்தரே ஆகிறான். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்திய இரவு நிகழ்ந்ததாகச் செஜாரா மெலாயு சொல்லும் காட்சி உருக்கமானது. மறுநாள் போரிட வேண்டிய வீரர்கள், மனவுறுதி பெற ஹிகாயத் முகமட் ஹனபியாவைப் படிக்க விரும்பி அரண்மனைக்கு ஆள் அனுப்புகின்றனர். சுல்தான் அகமட் முதலில் கொடுத்தனுப்பியது ஹிகாயத் அமிர் ஹம்சாவை. வீரர்கள் மனக்குறையுடன் மீண்டும் முறையிட்ட பின்னரே கேட்ட நூல் கிடைத்தது. பீரங்கிகளின் முன் நின்ற அவ்விரவில் மலாக்காவினர் கையில் இருந்தவை பாரசீகக் கதைகளே.

நூஷிர்வானின் நீதி நூலின் பிற்பகுதியில் ஓர் ஒப்பந்தமாக வடிவெடுக்கிறது. சிகுந்தாங் மலையில் தோன்றிய இளவரசனுக்குத் தன் மகளைத் தருமுன் டெமாங் லெபார் டாவுன் ஒரு வாக்குறுதி பெறுகிறான். அரசன் குடிமக்களை இழிவுபடுத்தலாகாது. குடிமக்கள் அரசனுக்கு இரண்டகம் செய்யலாகாது. இஸ்கண்டாரின் வீரம், நூஷிர்வானின் நீதி, சோழனின் கடலாற்றல் ஆகிய மூன்றும் ஒருவனிடம் வந்து சேர்ந்த பின்னும், குடிகளின் சார்பில் ஒருவன் நிபந்தனை விதிக்கிறான். நூலின் மிகச் சிறந்த இடம் இதுவே என்பது என் கருத்து.

கெலிங் நாட்டிலிருந்து வந்தவர்

இக்கதைகளை மலாக்காவுக்கு ஏந்தி வந்தோரில் தமிழ் முஸ்லிம் வணிகர்க்குப் பெரும்பங்கு இருந்திருக்க வேண்டும். துறைமுகத் தலைவனைக் குறிக்கும் 'ஷாபந்தர்' பாரசீகச் சொல். மலாக்காவின் நான்கு ஷாபந்தர்களில் ஒருவர் கெலிங் வணிகர் முதலியோர்க்கு உரியவர். நூலிலேயே இதற்குச் சான்று உண்டு. கெலிங் நாட்டுப் பாஹிலி என்னும் ஊரிலிருந்து மணி புரிந்தான் என்பவர் மலாக்காவுக்கு வருகிறார். அவர் மகள் வயிற்றுப் பேரனே சுல்தான் முசாபர் ஷாவாக 1446 முதல் 1459 வரை ஆண்டார். மணி புரிந்தானின் மகன் துன் அலி. துன் அலியின் மகன் பெண்டஹாரா துன் முத்தாஹிர். துன் ஸ்ரீ லானாங் தம் முன்னுரையில் தம் வழிமரபைக் கூறும்போது, அதை மணி புரிந்தான் வரை கொண்டு செல்கிறார். அடுத்த தொடரிலேயே தம்மை மலாய் இனத்தவர், சிகுந்தாங் மலை வழியினர் என்கிறார். அவர்க்கு இரண்டும் முரணாகத் தோன்றவில்லை.

'கெலிங்' என்னும் சொல் இன்று நம் செவிக்கு இழிவாகவே ஒலிக்கிறது. அவ்வாறு ஒலிப்பதற்குரிய காரணங்கள் பிற்கால வரலாற்றில் உள்ளன. 1612-இல் அது ஒரு நாட்டின் பெயர், அதுவும் அரசர் தம் முன்னோரைத் தேடிய நாட்டின் பெயர். இச்சொல்லை வகுப்பில் தவிர்த்துச் செல்வதைவிட, அதன் இரு காலத்துப் பொருளையும் எடுத்துரைப்பதே நன்று. சுங்கை வே ஆசிரியர் கேட்ட வினாவுக்கும் இங்கேதான் விடை உள்ளது. 'மலாய் மன்னர் சோழர் வழியினர்' என்று சொல்லாமல், 'மலாய் மன்னர் தம் முன்னோருள் ஒரு சோழனையும் வைக்க விரும்பினர்' என்று சொல்லலாம். முதற்கூற்றுக்குச் சான்று இல்லை. இரண்டாவதற்கு நூலே சான்று; பேராக் அரச குடும்பத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் மீசா மெலாயு எழுதிய ராஜா சூலானும், கோலாலம்பூர்ச் சாலைக்குப் பெயர் தந்த ராஜா சூலானும் சான்று.

அப்துல்லா முன்ஷி

நூஷிர்வான் மலாய் மொழிக்குள் வந்த வழி இன்னொன்றும் உண்டு. அவன் மருத்துவன் புர்சோய் இந்தியாவுக்கு வந்து பஞ்சதந்திரக் கதைகளைப் பாரசீகத்திற்குக் கொண்டு சென்றான் என்பது மரபு. பாரசீகத்திலிருந்து அரபுக்குச் சென்று 'கலீலா வ திம்னா' ஆகிய அந்நூல், பின்னர் மலாயிலும் வழங்கியது. மலாக்காவில் பிறந்து தமிழும் கற்ற அப்துல்லா முன்ஷி, அக்கதைகளை 1835-இல் தமிழிலிருந்து நேரே மலாய்க்குப் பெயர்த்து 'ஹிகாயத் பஞ்ச தந்திரன்' எனப் பெயரிட்டார். தமிழ்ப் பகுதிகளைப் புரிந்துகொள்ள அவர்க்குத் துணைநின்றவர் ஒரு தமிழ் நண்பர். செஜாரா மெலாயுவைச் சிங்கப்பூரில் முதன்முதலாக அச்சேற்றியவரும் அதே அப்துல்லாதான்.